மனசுக்கு எந்த டாக்டரிடம் போவது?

விருதுநகர் மாவட்டத்துப் பந்தல்குடியில் ஒருவருக்குத் தூக்கம் கெட்டு ஒரு மாதம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விடிகாலை மூன்று மணிக்கு முழிப்புத் தட்டுகிறது. அதற்குப் பிறகு கண் மூட முடியவில்லை. நெஞ்சு படபடக்கிறது, தலை கனக்கிறது, சோறு இறங்கவில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்து வேலைக்கோ காட்டு வேலைக்கோ கிளம்ப மனம் வரவில்லை. வீட்டில் என்ன செய்வார்கள்? முதலில் மருந்துக் கடையில் சொல்லி இரண்டு மாத்திரை. அடுத்து அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டர், ஓர் ஊசி, கொஞ்சம் சத்து மாத்திரை. அதற்கும் கேட்கவில்லை என்றால் கோடாங்கியிடம் குறி, இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன். பிறகு யாரோ சொல்லிக் கடன் வாங்கிக்கொண்டு மதுரையில் 'நரம்பு டாக்டர்', மூளைக்கு ஸ்கேன். ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அன்றிரவும் மூன்று மணிக்கு அவருக்கு முழிப்பு வந்துவிடும்.

இந்த அலைச்சலில் அந்தக் குடும்பத்தின் தவறு எதுவும் இல்லை. உடம்பு சொன்ன இடத்துக்கெல்லாம் அவர்கள் போனார்கள். மனச்சோர்வும் பதற்றமும் பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் பேசும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. இந்தியாவில் வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அது சொன்னது. அவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 70 முதல் 92 சதவீதம் வரை. கிடைக்காததற்குப் பணமும் தூரமும் வெட்கமும் காரணம். யாரிடம் போக வேண்டும் என்று தெரியாததும் ஒரு காரணம்.

சரியான ஆள் என்பவருக்கு மூன்று பொருத்தங்கள் வேண்டும். உங்கள் நோய்க்கு ஏற்ற பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அவரிடம் உங்களால் மனம்விட்டுப் பேச முடிய வேண்டும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று விடாமல் போய்வரக்கூடிய இடத்தில் அவர் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சிகிச்சை பாதியில் நிற்கும். மூன்றையும் நாமே சோதித்துப் பார்க்கலாம்.

யார், யார்?

மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, அதன்மேல் மனநலத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். படித்தவர். நோயை நிர்ணயிப்பார், மருந்து எழுதுவார், தேவைப்பட்டால் மருத்துவமனையில் சேர்ப்பார். மருத்துவக் கவுன்சில் பதிவு எண் அவருக்குக் கட்டாயம். சீட்டிலேயே அது அச்சாகியிருக்கும்.

மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுபவர் அல்ல. பேச்சு வழியாகவும் பயிற்சி வழியாகவும் சிகிச்சை தருபவர். நுண்ணறிவு, நினைவாற்றல், கற்றல் குறைபாடு போன்றவற்றுக்கான சோதனைகளைச் செய்பவர். உளவியல் முதுகலைக்குப் பிறகு எம்.பில். போன்ற மருத்துவமனைப் பயிற்சி முடித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். அந்தப் பதிவு எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மனநல சமூகப்பணியாளர் நோயாளியோடு அவருடைய வீட்டையும் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, உதவித்தொகை, குடும்பத்தாருக்குப் புரியவைப்பது, நின்றுபோன வேலைக்குத் திரும்ப வைப்பது ஆகியவை அவர் பொறுப்பு. நீண்டநாள் நோய்களில் குடும்பத்துக்கு அதிகம் உதவுகிறவர் இவராகவே இருப்பார்.

ஆலோசகர் என்ற பெயரில்தான் கவனம் வேண்டும். நல்ல பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் சில வார இணைய வகுப்போடு பலகை மாட்டியவர்களும் இருக்கிறார்கள். என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள், உங்களால் முடியாத நிலை வந்தால் எந்த மனநல மருத்துவரிடம் அனுப்புவீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றாவதற்குப் பதில் இல்லாதவரிடம் போக வேண்டாம்.

எந்தத் தொல்லைக்கு யார் முதலில்?

காதில் யாரோ பேசுவது கேட்கிறது, அக்கம்பக்கத்தார் தன்னைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்று நம்புகிறார், நாள்கணக்கில் தூங்காமலே மிதமிஞ்சிய உற்சாகத்தில் பணத்தை வாரி இறைக்கிறார், பிரசவமான சில நாட்களில் தாய் குழம்பிப் பேசுகிறாள் என்றால் நேராக மனநல மருத்துவரிடம் போக வேண்டும். இங்கே பேச்சு மட்டும் போதாது. பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு அவசர சிகிச்சைக்குரியது. தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து உண்டு. நீண்ட நாள் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கத்தில் தொடங்கி வலிப்பு, சித்தக் குழப்பம் வரை போய் உயிருக்கே முடியலாம். அவரை வீட்டில் பூட்டிவைத்துக் குடியை நிறுத்த முயல்வது பேராபத்து; மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மனநல உதவி எண் 14416க்கோ மருத்துவ உதவி எண் 104க்கோ அழையுங்கள். உடனடி ஆபத்து என்றால் 108 ஆம்புலன்ஸ். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தும் மாத்திரைகளும் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகட்டும். கரிசல்காட்டு வீடுகளில் பருத்திக்கு அடிக்கும் மருந்து திண்ணையிலேயே கிடக்கும். அதைப் பூட்டி வைப்பது உயிரைக் காக்கும் செயல்.

மிதமான மனச்சோர்வு, பதற்றம், திடீர் பயம் என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமே தொடங்கலாம். ரத்தசோகை, தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு மூன்றும் மனச்சோர்வைப் போலவே அசதியையும் ஆர்வமின்மையையும் கொண்டுவரும். ஒரு ரத்தப் பரிசோதனை இவற்றைப் பிரித்துக் காட்டிவிடும். கையைத் திரும்பத் திரும்பக் கழுவுவது, பூட்டை இருபது தடவை சரிபார்ப்பது போன்ற எண்ணச் சுழல் நோய்க்கு, பயத்தை நேருக்கு நேர் சந்திக்கப் பழக்கும் சிகிச்சை தெரிந்த மருத்துவ உளவியலாளர் வேண்டும். மருந்தும் துணை செய்யும். பத்து வயதுப் பிள்ளைக்கு வாசிப்பு வரவில்லை என்றால் உளவியலாளரின் சோதனை தேவை. இழவு, திருமணச் சண்டை, தேர்வுப் பயம் போன்றவற்றுக்கு நல்ல ஆலோசகர் போதும்.

ஒட்டுறவு ஏன் மருந்தாகிறது?

படிப்பு ஒன்றே, மருந்து ஒன்றே. ஒரு டாக்டரிடம் குணமாகிறது, இன்னொருவரிடம் ஆகவில்லை. 'கைராசி' என்று ஊரில் சொல்வது இதைத்தான். அதன் ஒரு பகுதியை அறிவியல் அளந்து பார்த்திருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் போர்டின் 1979இல் சிகிச்சை உறவை மூன்றாகப் பிரித்தார்: எதை அடைய வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து, அதற்காக என்ன செய்வது என்பதில் ஒத்த கருத்து, இருவருக்கும் இடையிலான நம்பிக்கை. அதன் பிறகு வந்த ஆய்வுகளை 2018இல் ஒரு குழு தொகுத்தது. 295 ஆய்வுகள், 30,000க்கு மேற்பட்ட நோயாளிகள். உறவு உறுதியாக இருந்த இடங்களில் பலனும் கூடுதலாக இருந்தது. தொடர்பு மிதமானதுதான். ஆனால் எந்தச் சிகிச்சை முறையானாலும் எந்த நாடானாலும் அது காணப்பட்டது.

பேச்சு சிகிச்சைக்கு இது பொருந்தும், மாத்திரைக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் மனச்சோர்வுக்கு நடந்த ஒரு பெரிய ஆய்வின் தரவை 2006இல் மூன்று ஆய்வாளர்கள் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். ஒன்பது மனநல மருத்துவர்கள், 112 நோயாளிகள். சிலருக்கு இமிப்பிரமின் என்ற மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. ஒரு மனச்சோர்வு அளவுகோலில், குணமடைவதில் காணப்பட்ட வேறுபாட்டில் மருந்தின் பங்கு சுமார் 3 சதவீதம். எந்த மருத்துவர் பார்த்தார் என்பதன் பங்கு சுமார் 9 சதவீதம். ஆய்வு சிறியது, இதை வைத்து மருந்து வேண்டாம் என்று முடிவுகட்டுவது பெருந்தவறு. மாத்திரையை நீட்டும் கை யாருடையது, என்ன சொல்லி நீட்டுகிறது என்பதும் சிகிச்சையில் சேர்த்தி என்பதே இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது. நம்பியவர் கொடுத்த மாத்திரையை நோயாளி விடாமல் சாப்பிடுவார். பக்கவிளைவு வந்தால் நிறுத்திவிடாமல் போய்ச் சொல்வார்.

மூன்று சந்திப்பில் தெரிந்துவிடும்

அரசு மருத்துவமனை புறநோயாளிப் பிரிவில் கூட்டம் நெரியும். ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலே அதிகம். அந்த ஐந்து நிமிடத்தைப் பெரிதாக்குவது உங்கள் கையில் இருக்கிறது. போகும் முன் அரைப் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், பசி எப்படி, வேலைக்குப் போக முடிகிறதா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா, குடிப்பழக்கம் உண்டா. இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். நாட்டு மருந்தும் அதில் சேர வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. இந்த நோய்க்கு என்ன பெயர்? இந்த மாத்திரை வேலைசெய்ய எத்தனை வாரம் ஆகும்? முதலில் என்ன தொந்தரவு வரலாம்? எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்? மனச்சோர்வு மருந்துகள் பலன் காட்ட இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். வாய் உலர்வது, வயிற்றுப் புரட்டல் போன்றவை முதல் வாரத்திலேயே வந்துவிடும். இதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பது பொதுவான மருத்துவ வழக்கம். அல்பிரசோலம், லோரசிபாம் போன்ற தூக்க மாத்திரைகளின் கதை வேறு. அவை அன்றிரவே தூங்க வைக்கும். வாரக்கணக்கில் நீடித்தால் அடிமைப்படுத்தும். ஒருவர் மாதக்கணக்கில் அதை மட்டுமே எழுதித்தந்தால் ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

முன்னேற்றம் இருக்கிறதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 550 பேருக்குப் பேச்சு சிகிச்சை அளித்தவர்களிடம், இவர்களில் யாருடைய நிலை மோசமாகும் என்று கணிக்கச் சொன்னார்கள். மூன்று பேரைச் சொன்னார்கள். மோசமானவர்கள் 40 பேர். அக்கறையுள்ளவர்களின் கண்ணுக்கும் சரிவு தப்பிவிடும். அதனால் அளந்து பார்ப்பது நல்லது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் போல மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ-9 என்ற ஒன்பது கேள்விப் படிவம் இருக்கிறது, தமிழிலும் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்களா, தூக்கம் எப்படி என்பது போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் நாள் ஒருமுறை, ஆறாவது வாரம் ஒருமுறை போட்டுப் பார்த்து அந்த இரண்டு எண்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மூன்றாவது சந்திப்பு முடிந்ததும் உங்களையே கேட்டுப் பாருங்கள். நான் சொல்வது அவர் காதில் விழுகிறதா? வெட்கப்பட்டு மறைத்ததை இன்று சொல்ல முடிந்ததா? அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று எனக்குப் புரிகிறதா? இல்லை என்றால் அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். வழியை மாற்றுவார், அல்லது இன்னொருவரிடம் அனுப்புவார். சிகிச்சையில் சில நாட்கள் மனம் கலங்கும். பயத்தைச் சந்திக்கப் பழகுகிறவருக்குப் பயம் வராமல் இருக்காது. அந்தக் கலக்கத்துக்காக ஆளை மாற்ற வேண்டாம். ஆனால் கட்டாயம் குணமாகும் என்று உத்தரவாதம் தந்து மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்பவர், பெயர் சொல்லாத பொடி தருபவர், மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்பவர், நீங்கள் சொன்னதை வெளியில் பேசுபவர், உடலைத் தவறாகத் தொடுபவர், நோயாளியைக் கட்டிப்போடும் இடம் ஆகியவற்றிலிருந்து அன்றே எழுந்து வந்துவிட வேண்டும்.

சாமியும் மருந்தும்

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலையில், பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடி வந்த மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. நோயாளியைச் சங்கிலியில் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றிலும் தடைசெய்கிறது.

அதற்காகக் கோயிலுக்கும் தர்காவுக்கும் போவதே பிழை என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூரில் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். பெரும்பாலோர் மனச்சிதைவு நோயாளிகள். உறவினர் ஒருவர் உடனிருந்தார். சில வாரங்கள் தங்கியதில் நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. கோயில் மருந்துக்கு மாற்று என்று அதிலிருந்து சொல்ல முடியாது. யாரும் விரட்டாத, கேலி செய்யாத ஓர் இடம் கிடைத்தால் நோயுற்ற மனம் அமைதி கொள்கிறது என்பதை அது காட்டுகிறது. சாமி கும்பிட்டுக்கொண்டே மாத்திரையும் சாப்பிடலாம். குறி சொல்கிறவர் மாத்திரையை விடச் சொன்னால் மட்டும் கேட்கக் கூடாது.

பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. அவர்களும் பெரும்பாலும் நகரங்களில்தான். ஆனால் பந்தல்குடிக்காரருக்கு வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்தின் நோக்கமே மனநல சிகிச்சையைச் சிற்றூர்களுக்கு அருகே கொண்டுவருவது. குறிப்பிட்ட நாட்களில் திட்டத்தின் மனநலக் குழு தாலுகா மருத்துவமனைக்கு வரும்; மருந்து இலவசம். எந்த நாள் என்பதை அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனையிலோ உங்கள் ஊர் செவிலியரிடமோ கேட்டுக்கொள்ளலாம். விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. 1992இல் தொடங்கிய எம்.எஸ்.செல்லமுத்து அறக்கட்டளையும் மதுரையில் மறுவாழ்வுப் பணி செய்துவருகிறது.

பஸ் ஏறிப் போனால் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்ற தயக்கம் சிற்றூர்களில் உண்மையான தடை. அப்படித் தயங்குகிறவர்களுக்குத் தொலைபேசி உதவும். 2022 அக்டோபர் 10 முதல் இயங்கும் டெலி-மானஸ் சேவையின் 14416 எண் இலவசம்; இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் இதற்கு 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்று பெயர். முதலில் ஆலோசகர் பேசுவார். தேவைப்பட்டால் மருத்துவரிடம் இணைப்பார்.

தூரத்தைக் கடக்கும் வழியை ஒரு பேருந்து காட்டியது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் மனநல அமைப்பு, 2010இல் புதுக்கோட்டைச் சிற்றூர்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. ஊர் வந்து நிற்கும் பஸ்ஸுக்குள் நோயாளி உட்கார, சென்னையிலிருந்து மனநல மருத்துவர் திரையில் பேசுவார். எழுதிய மருந்து அந்தப் பஸ்ஸிலேயே கிடைக்கும். நம் மாவட்டத்தைப் போலவே வானம் பார்த்த பூமி அது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும்.

பட்டம் பெற்றவர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சிகிச்சையும் உண்டு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வுள்ள 490க்கு மேற்பட்டோரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2017இல் லான்செட் இதழில் முடிவு வந்தது. மனநலப் பட்டம் எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்தார்கள். அவர்கள் நோயாளியோடு ஆறு முதல் எட்டு முறை உட்கார்ந்தார்கள். செய்தது எளிமையானது: முன்பு மனத்துக்கு இதமாக இருந்து இப்போது விட்டுப்போனவற்றைப் பட்டியலிட்டு, அவற்றில் சிறியதை முதலில் எடுத்து, நாளும் நேரமும் குறித்துச் செய்ய வைத்து, அடுத்த முறை என்ன ஆனது என்று கேட்பது. மூன்று மாதத்தில் இந்தத் துணை கிடைத்தவர்களில் 64 சதவீதம் பேர் நோயிலிருந்து வெளிவந்திருந்தார்கள். சற்று மேம்படுத்திய வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். நம் ஊரில் வீடு வீடாகப் போகும் கிராம சுகாதார செவிலியருக்கும் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கும் இந்தப் பயிற்சியைத் தர முடியும்.

கேட்டுப் பெற வேண்டியது

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசு நடத்தும் மனநல சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது அதன் 18ஆம் பிரிவு. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள், சமுதாய சுகாதார மையம் தொடங்கி மேலே உள்ள அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் எப்போதும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். 23ஆம் பிரிவு உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 25ஆம் பிரிவு உங்கள் மருத்துவக் குறிப்புகளைப் பார்க்கும் உரிமை தருகிறது. டாக்டரை மாற்றும்போது அந்தக் குறிப்புகள் கையில் இருந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

தேர்ந்தெடுக்க ஆள் இருந்தால்தான் பொருத்தம் பார்க்க முடியும். மனநல மருத்துவர் மாதத்தில் ஒருநாள், இருநாள் வந்து நூறு பேரைப் பார்த்துவிட்டுப் போனால் எந்த உறவும் வளராது. அதனால் இது ஊரும் சேர்ந்து கேட்க வேண்டிய விஷயம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் மூன்று கோரிக்கைகளை எழுதிக் கொடுங்கள். மனநலக் குழு வரும் நாளும் 14416 என்ற எண்ணும் ஆரம்ப சுகாதார நிலையச் சுவரில் பெரிதாக எழுதப்பட வேண்டும். மனநல மருந்துகள் எந்த மாதமும் தீர்ந்துபோகாமல் இருக்க வேண்டும். மருத்துவரோடு ஓர் உளவியலாளரும் வர வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே ஆள் வர வேண்டும். இந்த மூன்றும் கிடைத்துவிட்டால், விடிகாலை மூன்று மணிக்கு முழித்துக் கிடக்கும் அந்த மனிதர் கடன் வாங்கி ஸ்கேன் எடுக்க மதுரைக்குப் போக வேண்டியிருக்காது. தன் ஊரிலேயே, தன்னைத் தெரிந்த ஒருவரிடம், தனக்கு என்ன செய்கிறது என்று சொல்லிவிடுவார்.